இரண்டுக்குள் எத்தனை? மத்துவ வேதாந்தத்தில் வேற்றுமையும் உயிரின் தகுதியும்

வியாழக்கிழமை மாலையில் தமிழ்நாட்டின் எந்த ஊர் ராகவேந்திரர் மடத்து வாசலிலும் செருப்புகள் குவிந்து கிடக்கும். தேர்வெழுதப் போகும் பிள்ளைகள், வரன் தேடி அலுத்த பெற்றோர், வட்டி கட்டி ஓய்ந்தவர்கள் என்று சாதி பார்க்காத கூட்டம் பிருந்தாவனத்தைச் சுற்றிவரும். 1985இல் வெளிவந்த ரஜினிகாந்தின் நூறாவது படமே ராகவேந்திரருடைய வாழ்க்கைதான். அந்த அளவுக்குத் தமிழ்ப் பொதுமனத்தில் இறங்கிவிட்ட குரு அவர். அவர் புவனகிரியில் வேங்கடநாதனாகப் பிறந்தவர், கும்பகோணத்தில் சுதீந்திர தீர்த்தரின் மாணவர், ஜயதீர்த்தரின் 'நியாயசுதை'க்குப் 'பரிமளம்' என்னும் நுணுக்கமான உரை எழுதிய பண்டிதர் என்பது சுற்றிவருபவர்களில் சிலருக்குத் தெரியும். அந்த உரை எந்த மரபைத் தாங்கி நிற்கிறதோ அந்த மரபு, உயிர்களில் ஒரு சாராருக்கு என்றைக்குமே விடுதலை கிடையாது என்று சொல்கிறது. இது தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும் ஒரு சன்னதிக்குப் பின்னால் இப்படியொரு கோட்பாடு எப்படி வந்தது? அந்த மரபான துவைதத்தின் மையத்திலிருந்து அது முளைத்ததா, அல்லது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். இதற்கு விடை தேட, துவைதம் எதை 'இரண்டு' என்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1. எந்த இரண்டு?

துவைதத்தின் ஆசாரியரான, உடுப்பிக்கு அருகிலுள்ள பாஜகத்தில் பிறந்த மத்துவரின் காலம் பற்றி இரண்டு கணக்குகள் உண்டு. அவரது 'மகாபாரத தாத்பரிய நிர்ணயம்' தரும் கலியாண்டுக் குறிப்பை அப்படியே கொண்டால் 1199இல் பிறந்தவராகிறார். அவருடைய சீடர் நரஹரி தீர்த்தர் ஆந்திரத்து ஸ்ரீகூர்மத்தில் விட்டுச்சென்ற 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு முதலிய சான்றுகளை வைத்து, 1238 முதல் 1317 வரை என்று கணித்தார் துவைத வரலாற்றை விரிவாக எழுதிய பி.என்.கே. சர்மா. ஆய்வாளர் பலரும் இப்போது இரண்டாவது கணக்கையே ஏற்கின்றனர். எப்படியும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மனிதர். நம் பக்கத்தில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்த அதே நூற்றாண்டு. இந்த ஒற்றுமை பின்னால் பயன்படும்.

துவைதம் என்ற பெயரைக் கேட்டவுடன் கடவுள் ஒன்று, உலகம் ஒன்று, ஆக இரண்டு என்று புரிந்துகொள்வது வழக்கம். பள்ளிப் பாடநூல்கள் சொல்லித் தந்ததும் இதுவே. ஆனால் மத்துவரின் எண்ணிக்கை இரண்டோடு நிற்பதில்லை. இறைவனுக்கும் உயிருக்கும், இறைவனுக்கும் சடத்துக்கும், உயிருக்கும் உயிருக்கும், உயிருக்கும் சடத்துக்கும், சடத்துக்கும் சடத்துக்கும் என்று ஐந்து வேற்றுமைகள். ஐந்தும் உண்மை, ஐந்தும் அனாதி. பிரபஞ்சம் என்ற சொல்லுக்கே ஐவகை வேற்றுமை உடையது என்று அவர் பொருள் பிரிக்கிறார். இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கக்கூடும், ஆனால் அவர் மனம் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பிரிப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. உடுப்பி மரபினர் தங்கள் நெறியைத் தத்துவவாதம் என்று அழைப்பதையே விரும்புவதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்வது என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். எண்ணிக்கை அதில் இரண்டாம்பட்சம்.

அப்படியானால் இரண்டு எங்கே வருகிறது? பதினொரு சுலோகங்களே கொண்ட 'தத்துவசங்கியானம்' என்ற மத்துவரின் சிறு நூல் இதைத் தெளிவாக்குகிறது. உள்ளவை எல்லாம் இரு வகை: தன்னுரிமை உடையது, பிறிதைச் சார்ந்தது. சுவதந்திரம், அசுவதந்திரம் என்பவை மத்துவரின் சொற்கள். தன்னுரிமை உடையவர் விஷ்ணு ஒருவரே. இலக்குமி முதல் புல்நுனி வரை மற்ற யாவும் இருப்பதற்கும், அறியப்படுவதற்கும், இயங்குவதற்கும் அவரைச் சார்ந்தவை. சார்ந்திருப்பதாலேயே அவை பொய்யாகிவிடுவதில்லை. குடத்துக்குக் குயவன் வேண்டும். அதற்காகக் குடம் கனவாகிவிடுமா என்பது போன்ற திடமான நடைமுறைப் பார்வை இது. ஆகவே துவைதத்தின் 'இரண்டு' இரு பொருள்களை எண்ணிப் பெற்ற தொகை கிடையாது. இருக்கும் முறைகள் இரண்டு என்பதே அதன் கருத்து.

அதே சிறு நூலில் இன்னொன்றும் இருக்கிறது. சார்ந்துள்ளவற்றில் அறிவுடையவற்றைப் பிரித்துக்கொண்டே போகும் மத்துவர், துன்பம் தீண்டாதவள் இலக்குமி ஒருத்தி என்கிறார். துன்பம் தீண்டியவர்களில் விடுபட்டவர், இன்னும் விடுபடாதவர் என்று பிரிக்கிறார். விடுபடாதவர்களிலும் விடுதலைக்குத் தகுதி உடையவர், தகுதி இல்லாதவர் என்று இரண்டு. தகுதி இல்லாதவர்களில் இருளுக்குரியவர் ஒரு வகை, என்றும் பிறவிச் சுழலிலேயே இருப்பவர் மறு வகை. தொடக்க மாணவனுக்கான அட்டவணை போன்ற பதினொரு சுலோகங்களுக்குள் இந்தப் பிரிவினை வந்துவிடுகிறது. இதைப் பிற்காலச் சேர்க்கை என்றோ, ஓரத்தில் கிடந்த கருத்து என்றோ ஒதுக்க இடமில்லை.

2. குடத்தின் வேற்றுமையும் குடமும்

மத்துவருக்கு முன்பே அத்துவைதிகள் வேற்றுமை என்ற கருத்தைத் தருக்கத்தால் சின்னாபின்னமாக்கியிருந்தனர். மண்டனமிசிரர், ஸ்ரீஹர்ஷர் போன்றோரின் வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். குடம் துணியிலிருந்து வேறு என்று அறிய வேண்டுமானால் முதலில் குடத்தையும் துணியையும் இரண்டாக அறிந்திருக்க வேண்டும். இரண்டாக அறிவதற்கு வேற்றுமை தெரிந்திருக்க வேண்டும். ஆக வேற்றுமையை அறிய வேற்றுமை தேவைப்படுகிறது; இது வட்டம். வேற்றுமை என்பது குடத்தில் இருக்கும் ஒரு பண்பு என்றாலோ, அந்தப் பண்பு குடத்திலிருந்து வேறா இல்லையா என்ற கேள்வி எழும். வேறு என்றால் அந்த வேற்றுமைக்கு இன்னொரு வேற்றுமை, அதற்கு மற்றொன்று என்று முடிவில்லாமல் நீளும்.

மத்துவரின் பதில் கூர்மையானது. வேற்றுமை பொருளின் மேல் ஒட்டிய பண்பே கிடையாது. பொருளின் சொரூபமே வேற்றுமை. ஒன்றைக் காண்பதே அதை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிந்ததாகக் காண்பதுதான். 'துணியிலிருந்து வேறு' என்று குறிப்பிட்டுச் சொல்வது பிறகு வரும் வேலை. பொருளைக் காணும்போதே வேற்றுமை தெரியாது என்றால், எதிரே குடத்தைப் பார்த்த ஒருவனுக்கு 'இந்தக் குடம் நான்தானோ?' என்ற ஐயம் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டுமே. யாருக்கும் அப்படி வந்ததில்லை. தருக்க நூல்களின் வறட்சிக்கிடையே இப்படியொரு வேடிக்கையான, ஆனால் தட்ட முடியாத உதாரணம் கிடைப்பது வாசகனுக்கு ஆறுதல்.

வேற்றுமையும் குடமும் ஒன்றே என்றால் 'குடத்தின் வேற்றுமை' என்று ஏன் ஆறாம் வேற்றுமை உருபு போட்டுப் பேசுகிறோம்? இதற்காகவே விசேஷம் என்ற கருத்தை மத்துவர் முன்வைக்கிறார். பிளவில்லாத ஒன்றில் பிளவு இருப்பதுபோலப் பேச இடம் தரும் உள்ளாற்றல் அது. இறைவனின் குணங்கள் இறைவனிடமிருந்து வேறல்ல என்றாலும் அவற்றைத் தனித்தனியே பாட முடிவது இதனால்தான்.

இந்த விவாதம் அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு ஓயவில்லை. பதினாலாம் நூற்றாண்டில் ஜயதீர்த்தர் 'நியாயசுதை'யில் இதைச் செப்பனிட்டார். விஜயநகரப் பேரரசில் செல்வாக்குடன் இருந்த வியாசதீர்த்தர் 'நியாயாமிர்த'த்தில், உலகம் பொய் என்பதற்கு அத்துவைதிகள் தரும் இலக்கணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தார். அதற்கு வரிவரியாக மறுமொழி சொல்ல மதுசூதன சரசுவதி 'அத்வைதசித்தி' எழுத வேண்டியதாயிற்று. அதை மறுத்து ராமாசாரியர் 'தரங்கிணி' எழுதினார். இந்திய மெய்யியலின் மிக உயர்ந்த தருக்கப் பக்கங்கள் சில இந்தச் சண்டையில் பிறந்தவை.

சாந்தோக்கிய உபநிடதத்தின் தத்துவமசி மகாவாக்கியத்தை மத்துவர் படிக்கும் முறையும் இங்கே பொருந்துகிறது. சந்தியைப் பிரித்து 'அது நீ அல்லை' என்று அவர் வாசிப்பதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் அவர் சந்தியை மட்டும் நம்பவில்லை. அந்தப் பகுதியில் தந்தை மகனுக்குச் சொல்லும் ஒன்பது உவமைகளையும் பாருங்கள் என்கிறார். கயிற்றில் கட்டிய பறவை எங்கெங்கோ பறந்து களைத்து, கட்டிய இடத்துக்கே திரும்புகிறது. பறவையும் அது கட்டுண்ட இடமும் ஒன்றா? சார்பைச் சொல்லும் உவமையை ஒருமைக்குச் சான்றாக்குவது எப்படி என்பது அவர் கேள்வி. பிரிப்பு வலிந்ததாக இருக்கலாம்; உவமை பற்றிய கேள்வி வலுவானது.

3. மூன்று படிகளில் இருள்வரை

இப்போது உயிர்களுக்கு வரலாம். வேற்றுமை பொருளின் சொரூபம் என்றால், ஓர் உயிருக்கும் மற்றோர் உயிருக்கும் உள்ள வேற்றுமையும் அவற்றின் சொரூபமாகவே இருக்க வேண்டும். உடலாலும் வினையாலும் மட்டும் வேறுபட்டு, உள்ளே எல்லாம் ஒரே அச்சு என்று சொல்ல மத்துவரால் முடியாது. இராமாநுசர் அப்படித்தான் சொல்கிறார்: கட்டு நீங்கிய உயிர்கள் யாவும் இயல்பில் சமம், முத்தியில் இன்பமும் சமம். மத்துவருக்கோ ஒவ்வோர் உயிரும் தனிச் சரக்கு. இரண்டு உயிர்கள் எந்தக் காலத்திலும் ஒன்றுபோல் இரா.

இது எந்தச் சிக்கலுக்கு மருந்தாகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவன் சுகப்படுகிறான், ஒருவன் வதைபடுகிறான். இறைவன் ஓரவஞ்சனை செய்பவரா, இரக்கமற்றவரா? பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயமே இந்தக் கேள்வியை எழுப்பி, வினைப்படி நடக்கிறது, வினை அனாதி என்று விடை சொல்கிறது. மத்துவர் ஒரு படி கீழே தோண்டுகிறார். எல்லா உயிரும் ஒரே இயல்பினவாயின், தொடக்கமில்லாத காலத்திலிருந்தே ஒன்று நல்வினைப் பக்கமும் இன்னொன்று தீவினைப் பக்கமும் சாய்வானேன்? வினையை அனாதி என்று சொல்லிவிட்டால் கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுமே தவிரத் தீராது. வினையின் வேறுபாட்டுக்கு அடியில் உயிரின் சொந்த இயல்பு இருக்க வேண்டும். அதுவே சுவரூப யோக்கியதை, அதாவது உயிருக்கே உரிய தகுதி. வேம்பின் விதையில் கசப்பை மழை வைப்பதில்லை. இறைவனும் உயிரின் இயல்பை ஆக்கியவர் அல்லர், அதை வெளிக்கொணர்பவர்.

முத்தி என்றால் என்ன என்பதற்கும் இதே விடைதான். புதிதாக எதையும் அடைவதில்லை. தன் சொந்த இயல்பு தடையின்றி விரிந்து நிற்பதே முத்தி. ஆகவே முத்தி பெற்றவர்களிடையேயும் இன்பத்தில் படிநிலை உண்டு. இதைத் தாரதம்யம் என்பர். சிறு செம்பும் பெரிய அண்டாவும் கடலில் முங்கினால் இரண்டும் நிறைந்தே இருக்கும், ஒன்றைப் பார்த்து ஒன்று குறைபடுவதில்லை என்பது மரபில் பழகிய உவமை.

கோட்பாட்டின் கவர்ச்சியான பகுதி இவ்வளவும். இதே ஏணியில்தான் இருளுக்கும் இறங்குகிறார்கள். வேற்றுமை இயல்பே என்பது முதல் படி. இயல்பு மாறாது என்பது இரண்டாவது. இறுதி நிலை என்பது இயல்பின் முழு விரிவு என்பது மூன்றாவது. மூன்றையும் ஏற்றுக்கொண்டவருக்கு, இன்பமே இயல்பான உயிருக்கு முத்தி, இன்பதுன்பக் கலப்பே இயல்பானதற்கு ஓயாத பிறவி, வெறுப்பும் திரிபுணர்வுமே இயல்பானதற்கு மீளாத இருள் என்று மூன்று முடிவுகள் எண்ணிப் பார்க்கக் கூடியவை ஆகின்றன. முக்தியோக்கியர், நித்திய சம்சாரி, தமோயோக்கியர் என்ற மூவகை இதுவே.

எண்ணிப் பார்க்கக் கூடியவை என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். எல்லா உயிர்களும் வெவ்வேறானவை என்பதிலிருந்து, சில உயிர்கள் இயல்பிலேயே தீயவை என்பது தானாகப் பெறப்படாது. ஒரு தோட்டத்து மாங்கனிகள் எல்லாம் சுவையில் வேறுபடலாம். அதனால் ஒன்றாவது நஞ்சாக இருந்தே ஆக வேண்டுமா? தாரதம்யத்துக்குக் கீழ் எல்லையாக மிகச் சிறிய இன்பத்தை வைத்திருந்தாலும் மத்துவரின் தருக்கம் குலைந்திருக்காது. துன்பமே சொரூபமான உயிர் இருக்கக்கூடும் என்ற கதவைத் திறப்பதோடு தருக்கம் நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட உயிர்கள் உண்மையில் உண்டு என்று சொல்ல வேறு சான்று வேண்டும். துவைதிகளே ஒப்புக்கொள்வதுபோல அந்தச் சான்று வேதம், இதிகாசம், புராணம் முதலிய ஆகம வாக்குகள்தான்.

இன்னொரு நெருடலும் இங்கே உண்டு. உயிர் இறைவனின் பிரதிபிம்பம் என்பது மத்துவரின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. ஆனந்தமே வடிவான பிம்பத்துக்குத் துன்பமே வடிவான பிரதிபிம்பம் எப்படி? சார்பும், அறிவுடைமை என்ற அளவிலான ஒப்புமையுமே பிரதிபிம்பத் தன்மை, முழு ஒப்புமை தேவையில்லை என்பது மரபின் விளக்கம். விளக்கம் முரணைத் தவிர்க்கிறது. நெருடலை முழுக்க நீக்கிவிட்டதாகச் சொல்ல முடியவில்லை.

4. கடல் கடந்து வந்ததா?

நித்திய நரகம் என்ற கருத்து இந்திய மண்ணுக்கு அந்நியம். ஆகவே கிறித்தவத்திலிருந்துதான் வந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏ.சி. பர்னல் தொடங்கிவைத்த இந்த ஊகத்தை, ஹேஸ்டிங்ஸ் தொகுத்த சமய அறவியல் கலைக்களஞ்சியத்தில் 1915இல் எழுதிய கட்டுரையில் ஜார்ஜ் கிரியர்சன் வளர்த்தார். உடுப்பிக்கு அருகே கல்யாண்புர் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டுப் பயணி காஸ்மஸ் குறிப்பிடும் கல்லியானா என்ற கிறித்தவ ஊர் அதுதான் என்றொரு கருத்து உண்டு. மத்துவரின் சரிதமான 'சுமத்துவவிஜயம்' சொல்லும் அற்புதச் செயல்கள் ஏசுவின் அற்புதங்களை நினைவூட்டுகின்றன. இறைவனுக்கும் மனிதருக்கும் இடையில் வாயு நின்று கரைசேர்ப்பதும் கிறிஸ்துவைப் போலவே இருக்கிறது.

பார்வைக்குப் பொருந்தும் இந்த வாதம் தொட்டால் உதிர்கிறது. காஸ்மஸின் கல்லியானா மும்பைக்கு அருகிலுள்ள கல்யாண் என்பாரும் உண்டு. அற்புதக் கதை இல்லாத இந்திய ஆசாரிய சரிதம் எது? முக்கியமான வேறுபாடு கோட்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிறித்தவ நரகம் பாவத்தின் தண்டனை, ஆண்டவனின் தீர்ப்பு. மத்துவர் அந்ததமசு என்னும் மீளாத இருள் தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. தன் இயல்பு தானே விரிந்து நிற்கும் இடம். சூனியத்திலிருந்து உயிரைப் படைத்த கடவுளை அவர் ஏற்பதே இல்லை.

பக்கத்து வீட்டிலேயே ஒப்புமை இருக்கும்போது கடல் கடந்து போக வேண்டியதும் இல்லை. சமணத்தில் பவ்யர், அபவ்யர் என்ற பிரிவு உண்டு. அபவ்யர் எனப்படும் உயிர்கள் இயல்பிலேயே வீடுபேற்றுக்குத் தகுதியற்றவை, என்றும் சுழல்பவை. துளுநாடோ சமணம் ஆழ வேரூன்றிய நிலம்; மூடபித்ரியும் கார்க்களமும் உடுப்பியிலிருந்து தொலைவில் இல்லை. இதை வைத்து மத்துவர் சமணரிடம் கடன் வாங்கினார் என்று சொல்லிவிட முடியாது. சமண அபவ்யன் சுழலோடு நிற்கிறான், மீளாத இருளுக்குப் போவதில்லை. ஆயினும் தகுதி உயிரின் இயல்பிலேயே பொறிக்கப்பட்டது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஏற்கெனவே புழங்கிய ஒன்று என்று காட்ட இது போதும். மத்துவரின் இறையியலை விரிவாக ஆராய்ந்து 1968இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழி நூல் வெளியிட்ட சுசான் சியோவ் போன்றோரின் உழைப்புக்குப் பிறகு, இந்தத் தத்துவத்தை அதன் உள்ளிருந்தே விளங்கிக்கொள்வதுதான் ஆய்வுநெறி ஆகியிருக்கிறது.

5. களிம்பும் செம்பும்

மெய்கண்டாரை இங்கே அழைக்கலாம். சைவ சித்தாந்தமும் பலவுயிர்க் கொள்கை உடையது. பதி, பசு, பாசம் மூன்றும் அனாதி என்பது. வேடிக்கை என்னவென்றால், அது அத்துவிதம் என்ற சொல்லை விடாமல் வைத்துக்கொண்டு, ஒன்று என்ற பொருளைத் தள்ளி, பிரிப்பின்றி நிற்றல் என்ற பொருளை ஏற்றியது. பெயரை வைத்துத் தத்துவத்தை அளக்கக் கூடாது என்பதற்கு உடுப்பியும் மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூரும் சேர்ந்தே சாட்சி.

சித்தாந்தத்திலும் உயிர்கள் மூவகை: விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர். ஆனால் இந்தப் பிரிவு எதை வைத்து? முதலாமவருக்கு ஆணவம் மட்டும், இரண்டாமவருக்குக் கன்மமும், மூன்றாமவருக்கு மாயையும் சேர மூன்று மலங்கள். கட்டின் எண்ணிக்கைதான் வேறு; கட்டுண்ட உயிரின் இயல்பில் பேதமில்லை. மலம் அனாதியே ஆனாலும் அது செம்பில் களிம்பு, செம்பு ஆகிவிடாது. துன்பமும்கூட மலம் பக்குவப்படுவதற்கான மறைப்பு, ஆகவே அருளின் ஒரு முகம். மத்துவரின் தமோயோக்கியனுக்கோ துன்பம் எதையும் பக்குவப்படுத்துவதில்லை. களிம்பைத் தேய்க்கத் தேய்க்க அடியில் வருவதும் களிம்பாகவே இருக்கிறது.

தீமையின் அனாதித்தன்மையை உயிருக்கு வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா? ஒரே நூற்றாண்டில் இரண்டு பலவுயிர்க் கொள்கைகள் இந்தக் கேள்விக்கு எதிரெதிர் விடை சொல்லியிருக்கின்றன. சித்தாந்திக்கு மத்துவர் கேட்கக்கூடிய கேள்வியும் வலுவானதே: எல்லாச் செம்பும் ஒன்றே என்றால் களிம்பு மட்டும் ஏன் கூடியும் குறைந்தும் பிடித்தது?

6. கிடைக்காத ஏடுகள்

தருக்கம் கதவைத் திறக்கிறது, உள்ளே போக ஆகமம் வேண்டும் என்று பார்த்தோம். அந்த ஆகமச் சான்று எப்படிப்பட்டது? கீதையின் பதினாறாம் அத்தியாயம் அசுர இயல்பினர் பிறவிதோறும் கீழே போவதைப் பேசுகிறது. பதினான்காம் அத்தியாயம் மூன்று குணத்தாரின் மூன்று கதிகளைச் சொல்கிறது. இவை மத்துவருக்குத் துணை நிற்பவை. ஆனால் மற்ற வேதாந்தங்கள் இதே சுலோகங்களிலிருந்து மீளா நரகத்தைக் கட்டியெழுப்பவில்லை. குணங்கள் பிரகிருதியைச் சார்ந்தவை, உயிரைச் சார்ந்தவை அல்ல என்று அவை நகர்ந்துவிட இடமிருக்கிறது. அந்த இடத்தை அடைக்க மத்துவர் எடுத்துக்காட்டும் நூல்கள் பலவும் இன்று கிடைப்பதில்லை. 'பிரம்மதர்க்கம்' இதில் புகழ்பெற்றது.

இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்து அப்பைய தீட்சிதர், பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய 'மத்வதந்திரமுகமர்தன'த்தில், யாரும் கண்டிராத ஏடுகளைச் சான்று காட்டுகிறார் என்று மத்துவரைத் தாக்கினார். நூலின் பெயரே மத்துவ நெறியின் முகத்தை நசுக்குவது என்று பொருள்படும். அக்காலத்துப் பண்டிதச் சண்டையில் மரியாதைக்கு அவ்வளவுதான் இடம். 1990களின் இறுதியில் ரோக் மெஸ்கிதா இதே பிரச்சினையை நவீனப் பாடவியல் முறையில் எடுத்து, அந்த மேற்கோள்கள் மத்துவரே இயற்றியவை, தான் வாயுவின் அவதாரம் என்ற நம்பிக்கையே அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது என்று வாதிட்டார்.

துவைத அறிஞர்களின் மறுப்பையும் எடை போட வேண்டும். அழிந்துபோன நூல்கள் எந்த மரபில் இல்லை? பாஞ்சராத்திரச் சங்கிதைகளில் நூற்றுக்கணக்கில் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளன. மத்துவரின் சமகாலத்து எதிரிகள் இதைக் குற்றமாகக் கூறாதது ஏன்? இந்தக் கேள்விகள் நியாயமானவை. மத்துவரின் சொந்த நூல்களின் பாடம் உறுதியானது என்பதிலும் ஐயமில்லை. அவருடைய நேரடிச் சீடர் ரிஷிகேச தீர்த்தர் எழுதியதாக மரபு போற்றும் ஓலைச்சுவடியைக் கொண்டு பன்னஞ்சே கோவிந்தாசாரியர் மத்துவரின் நூல்தொகுதியான சர்வமூலத்தைப் பதிப்பித்தார். ஆக, மத்துவர் என்ன சொன்னார் என்பது தெளிவு. அவர் காட்டும் சாட்சிதான் கூண்டுக்கு வரவில்லை. தருக்கம் தனியே தாங்க முடியாமல் ஆகமத்தின் தோளில் சாயும் இடத்தில் ஆகமமும் பிடிகொடுக்காமல் நழுவுகிறது. மூவகை உயிர்க் கோட்பாட்டின் பலவீனத்தைத் தேடுபவர்கள் கல்யாண்புரைவிட இங்கே தோண்டினால் பலனுண்டு.

7. ஏட்டுக்கும் வாசலுக்கும் இடையில்

1927இல் வெளிவந்த தம் 'இந்தியத் தத்துவம்' இரண்டாம் தொகுதியில் ராதாகிருஷ்ணன், முன்கூட்டியே தெரிந்தெடுக்கப்பட்டவர் என்ற கொள்கை அறவாழ்வுக்கு ஆபத்தானது என்று கண்டித்தார். தெரிந்தெடுத்தல் என்ற சொல் சற்றே பிசகு. மத்துவரின் இறைவன் யாரையும் தெரிந்தெடுப்பதில்லை. ஆனால் கண்டனத்தின் உள்ளீடு நிற்கிறது. முடிவு இயல்பிலேயே இருக்குமானால் எதற்கு முயற்சி? முயற்சியும் இயல்பு விரியும் வழிகளில் ஒன்று, தன் தகுதி இன்னதென்று ஒருவனுக்குத் தெரியாத நிலையில் அவன் பக்தி செய்யத்தான் வேண்டும் என்பது மரபின் பதில். ஒருவனுக்குத் தன் தகுதி தெரியாது என்பது சரி. அடுத்தவனின் தகுதி மட்டும் சில சமயம் மிகத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. நாராயண பண்டிதாசாரியரின் 'மணிமஞ்சரி' சங்கரரை மணிமான் என்ற அசுரனின் அவதாரமாக்கியது. விஷ்ணுவின் மேல் வெறுப்பு தமோயோக்கியத்தின் அறிகுறி என்று ஆனபின், மாற்றுத் தத்துவமே அறிகுறியாகிவிட அதிக நேரம் பிடிப்பதில்லை.

சாதியைப் பொறுத்தும் இரட்டை முகம் தெரிகிறது. இயல்பான வருணம் அடக்கம் முதலிய குணங்களால் அறியப்படுவது, பிறப்பால் வந்தது ஒட்டியதே என்ற கருத்து மத்துவரின் கீதைத் தாத்பரியத்தில் இருக்கிறது. உடுப்பியின் எட்டு மடங்களின் பீடங்களோ பிராமணத் துறவிகளிடமே இருந்துவருகின்றன. குருபர் குலத்துக் கனகதாசருக்கு உள்ளே இடமில்லாதபோது கிருஷ்ணன் மேற்கே திரும்பிச் சுவர்ப் பிளவு வழியே காட்சி தந்தான் என்பது உடுப்பி சொல்லும் கதை. கனகன கிண்டி என்ற அந்தச் சாளரத்தின் வழியேதான் இன்றும் பலர் கண்ணனைப் பார்க்கிறார்கள். புரந்தரதாசர், கனகதாசர் போன்ற ஹரிதாசர்களின் கன்னடப் பாடல்கள் துவைதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. தெருவுக்கு வந்த துவைதத்தில் சார்பு என்ற கருத்து நெஞ்சுருகும் சரணாகதியாக மாறியது. தமோயோக்கியன் பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிட்டான்.

கும்பகோணத்தில் காவிரிக்கரை அருகே விஜயீந்திர தீர்த்தரின் பிருந்தாவனம் இருக்கிறது. ராகவேந்திரரின் குருவுக்குக் குரு அவர். அப்பைய தீட்சிதரின் தாக்குதலுக்கு 'மத்வாத்வ கண்டகோத்தாரம்', அதாவது மத்துவ நெறியில் கிடந்த முள்ளைக் களைதல் என்ற மறுப்பு நூலை எழுதியவரும் அவரே. அப்பைய தீட்சிதர், வைணவரான தாதாசாரியர், விஜயீந்திரர் மூவரும் தஞ்சை சேவப்ப நாயக்கரின் அவையில் மூன்று வேள்வித்தீக்களைப் போல விளங்கினர் என்று அக்காலத்து ஆவணச் சுலோகம் ஒன்று சொல்கிறது. யாருக்கு விடுதலை, யாருக்கு இல்லை என்பதில் மூவருக்கும் மூன்று கணக்கு. நாயக்கரின் அவை மட்டும் கணக்குப் பார்க்காமல் மூவருக்கும் இடம் தந்தது.